ஒரே நுரையீரல், மூன்று நிமோனியா

நுரையீரல் புற்றுநோய் உள்ளவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்து, எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் கேஸ் ஷீட்டில் 'நிமோனியா' என்று எழுதிவிடுகிறோம். எழுதிய கை அப்படியே ஆன்டிபயாட்டிக் பெயருக்குப் போய்விடுகிறது. இடையில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது: இந்த ஆளுக்கு இப்போது எந்தக் காவல் விழுந்திருக்கிறது? மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டதா? வெள்ளணுக்கள் தீர்ந்துவிட்டனவா? ஸ்டீராய்டு போய் டி அணுக்களை (வெள்ளணுக்களில் ஒரு வகை) முடக்கிவிட்டதா? உள்ளே நுழையும் கிருமி எது என்பது பெரும்பாலும் இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

கீழே வருபவருக்கு எட்டு மாதத்துக்குள் மூன்று முறை நிமோனியா வந்தது. மூன்று முறையும் கிருமி வேறு. பல நோயாளிகளிடம் பார்த்ததைச் சேர்த்து ஒருவருடைய கதையாகக் கோத்திருக்கிறேன். யாரையும் அடையாளம் காட்டும் விவரம் இதில் இல்லை. மூன்றாவது முறையில் எழுதுகிறவனின் தவறும் உண்டு. அது அந்த இடத்தில் வரும்.

முதல் முறை: மருந்து சரி, வழி இல்லை

62 வயது ஆண். நாற்பது வருடம் தினம் ஒரு பாக்கெட் சிகரெட். விட்டு இரண்டு வருடம் ஆகிறது. சர்க்கரை நோய் மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. ஆறு வாரமாக இருமல். காய்ச்சலுக்கு வேறோர் இடத்தில் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் ஏழு நாள் கொடுத்திருந்தார்கள், இறங்கியது. மருந்து முடிந்த நாலாம் நாள் மறுபடி ஏறியது. அடுத்து லெவோஃப்ளாக்ஸசின் ஏழு நாள். அதே கதை. எங்களிடம் வரும்போது எடையில் 6 கிலோ போயிருந்தது.

அவர் சொன்னதைவிட அவர் மனைவி சொன்னதுதான் உதவியது. "ஒரு வாரமா இவர் இருமினா ரூமே நாறுது டாக்டர்."

சளி நாறினால் ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் உள்ளே இருக்கின்றன என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். நாறவில்லை என்பதால் அவை இல்லை என்று சொல்ல முடியாது, அது வேறு விஷயம். இவருடைய ஈறுகள் வீங்கியிருந்தன, இரண்டு பற்கள் ஆடின. நுரையீரலுக்குள் போகும் இந்த வகைக் கிருமிகளின் சொந்த ஊர் ஈறுதான்.

விரல் நகங்கள் வளைந்து நுனி தடித்திருந்தன. ஸ்டெதாஸ்கோப்பை வலது மேல்பக்கம் வைத்தபோது எதிர்பார்த்தது கேட்கவில்லை. சாதாரண நிமோனியாவில் சளியும் சீழும் நிறைந்த நுரையீரல் கெட்டிப்பட்டு, மூச்சுச் சத்தத்தை நன்றாகக் கடத்தும். காதுக்குள் குழாய் வைத்து ஊதுவது போலக் கேட்கும். இங்கே ஒன்றுமே இல்லை, அமைதி. எக்ஸ்ரேயில் அவ்வளவு வெள்ளையாக இருக்கும் இடம் இப்படி மௌனமாக இருந்தால், சத்தம் வரும் குழாயே அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தோம். வலது மேல் மடல் சுருங்கி மேலே ஏறியிருந்தது. மேல் மடலையும் நடு மடலையும் பிரிக்கும் கோடு வெளிப்புறத்தில் மேலே குழிந்து, நடுவில் ஒரு கட்டியைச் சுற்றிக் கீழே புடைத்து, தலைகீழ் எஸ் எழுத்து போலத் தெரிந்தது. ராஸ் கோல்டன் என்ற கதிரியக்க மருத்துவர் 1925இல் விவரித்த அடையாளம் இது. நூறு வருடமாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இருந்தும், 'நிமோனியா' என்ற சொல் ஏற்கெனவே சீட்டில் ஏறிவிட்டால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

சி.டி. ஸ்கேனில் வலது மேல் மடலின் குழாயை அடைத்தபடி 5 செ.மீ. கட்டி, அதற்குப் பின்னால் கெட்டிப்பட்ட நுரையீரல், அதற்குள் ஒரு சிறு சீழ்க்கட்டி. மறுநாள் பிராங்கோஸ்கோபி, அதாவது கேமரா உள்ள குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது. குழாயின் வாயை வெளிறிய, எளிதில் ரத்தம் கசியும் சதை அடைத்திருந்தது. ஓரமாக உறிஞ்சுகுழாயைச் செலுத்தியதும் பின்னாலிருந்து மஞ்சள் கலந்த சாம்பல் நிறச் சீழ் பீய்ச்சி வந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும், முகக்கவசத்தையும் மீறி, அந்த மனைவி சொன்னது புரிந்தது.

சதை பயாப்சிக்குப் போனது: ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய். இந்த வகை நடு மார்புப் பக்கத்துப் பெரிய குழாய்களில் வருவது அதிகம். அதனால்தான் 'ஆறாத நிமோனியா' என்ற வேடத்தில் அடிக்கடி இது முதலில் தலைகாட்டுகிறது.

சீழ் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குப் போனது. இரண்டாம் நாள் அங்கிருந்த டாக்டர் போன் செய்தார்.

"சார், கிராம் ஸ்லைடுல நாலஞ்சு வகை தெரியுது. மெல்லிசான சிவப்புக் குச்சி, தடித்த சிவப்புக் குச்சி, சங்கிலியா ஊதா உருண்டை, எல்லாம் இருக்கு. ஆனா தட்டுல வளர்ந்தது ரெண்டுதான்."

ஸ்லைடு என்பது சீழைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது, தட்டு என்பது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது, அதாவது கல்ச்சர். வளர்ந்த இரண்டு: க்ளெப்சியெல்லா நிமோனியே, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் குழு. ஸ்லைடில் தெரிந்து தட்டில் வராதவை எங்கே போயின? சாதாரணத் தட்டு காற்றில் வைக்கப்படுகிறது. காற்றுப் பட்டால் சாகும் கிருமி அதில் வளராது. பிரெவோட்டெல்லா, ஃபியூசோபாக்டீரியம் போன்றவை இந்தக் கூட்டம். காற்றுப்படாத கல்ச்சர் செய்யக்கூடாதா என்றால், பிராங்கோஸ்கோப் வாய் தொண்டை வழியாக இறங்கும்போதே அங்குள்ள அதே இனக் கிருமிகளைச் சுமந்துகொண்டு போகும். வளர்ந்தாலும் உள்ளிருந்து வந்ததா வழியில் ஒட்டியதா என்று பிரிக்க முடியாது. ஆகவே மணத்தையும் ஸ்லைடையும் வைத்தே அவை இருப்பதாக எடுத்துக்கொண்டோம். ஸ்லைடுக்கும் தட்டுக்கும் உள்ள அந்த இடைவெளிதான் இங்கே ரிப்போர்ட். அச்சில் வரும் தாளில் அது இருக்காது, ஆய்வகத்தோடு பேசினால்தான் கிடைக்கும்.

மூன்றாம் நாள் மருந்து உணர்திறன் பட்டியல் வந்தது. க்ளெப்சியெல்லா அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்கும் கட்டுப்படும், லெவோஃப்ளாக்ஸசினுக்கும் கட்டுப்படும். அதாவது, முதலில் பார்த்தவர்கள் கொடுத்த இரண்டு மருந்துமே சரியான மருந்து!

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். மருந்து கேட்கவில்லை என்றால் கிருமி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது என்று நினைத்து, அடுத்த படி, அதற்கடுத்த படி என்று மருந்தை ஏற்றிக்கொண்டே போவது. அடைபட்ட குழாய்க்குப் பின்னால் நடப்பது வேறு. அன்றாடம் சுரக்கும் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் தள்ளத்தான் செய்கின்றன, போக வழியில்லை. தேங்கிய சளியில் தொண்டையிலிருந்து வழிந்த கிருமிகள் குடியேறுகின்றன. காற்றுச் சுவாசிக்கும் கிருமிகள் இருக்கிற ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட, அது தேவையில்லாதவை அடுத்துக் குடிவருகின்றன. சீழ்க்கட்டியின் நடுவில் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து போய்ச் சேரும் அளவும் குறைவு. ஆறு நாள் மருந்தில் ஓரத்துக் கிருமிகள் செத்துக் காய்ச்சல் இறங்கும். நிறுத்தினால் நடுவில் இருப்பவை திரும்பிவரும்.

அடைப்புக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் தொற்று என்றும் நினைக்க வேண்டாம். கிருமியே இல்லாமல், தேங்கிய கொழுப்பை விழுங்கிய அணுக்கள் காற்றுப்பைகளை நிறைத்திருப்பதும் உண்டு. வெட்டிப் பார்த்தால் பொன்மஞ்சளாக இருக்கும் என்பதால் அதற்குத் 'தங்க நிமோனியா' என்று ஒரு பெயர் உண்டு; மேலே சொன்ன டாக்டர் கோல்டனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காய்ச்சல், சி.ஆர்.பி. (அழற்சியில் ரத்தத்தில் ஏறும் புரதம்) இரண்டையும் புற்றுநோயே தனியாக ஏற்றும். பாக்டீரியாத் தொற்றைக் காட்டும் என்று பார்க்கப்படும் புரோகால்சிடோனின் கூடச் சில கட்டிகளில், முக்கியமாக நுரையீரல் புற்றுநோயின் ஸ்மால் செல் வகையில், தொற்று இல்லாமலே உயரும். அதனால் ஒரு எண்ணைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் இவர்களிடம் ஆபத்து.

சிகிச்சைக்கு வருவோம். கல்ச்சர் வரும்வரை பைபராசிலின்-டாசோபாக்டம், வந்தபின் ஆம்பிசிலின்-சல்பாக்டம். அதைவிட முக்கியம், பிராங்கோஸ்கோப் வழியாகவே சூட்டுக்கோலால் சதையைச் சுரண்டிக் குழாயைத் திறந்தது. அடுத்த இரண்டு நாள் அவர் கிண்ணம் கிண்ணமாகத் துப்பினார். நாலாம் நாள் காய்ச்சல் இல்லை. அப்புறம் வாய்வழி மருந்துக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பினோம். மருந்து எது? அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட். முன்பு தோற்ற அதே மாத்திரை, மூன்று வாரம். இந்த முறை கேட்டது.

காசநோய் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மேல் மடல், எடைக் குறைவு, குழி, சர்க்கரை நோய் எல்லாம் சேர்ந்தால் காசநோயை விட்டுவிட முடியாது. லெவோஃப்ளாக்ஸசின் காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும் மருந்து; ஒரு வாரம் கொடுத்தால் நோய் சற்றுத் தணிந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். அதனால்தான் காரணம் தெரியாத நிமோனியாவுக்கு அதை முதல் மருந்தாக எழுத எனக்குத் தயக்கம். புற்றுநோயும் காசநோயும் ஒரே மடலில் சேர்ந்து இருப்பதும் உண்டு, ஒன்று கிடைத்ததால் மற்றது இல்லை என்று ஆகாது. நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமியைத் தேடும் ஸ்மியர் நெகட்டிவ், இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லும் மரபணுச் சோதனையான ஜீன்எக்ஸ்பர்ட்டும் நெகட்டிவ். ஆறு வார திரவக் கல்ச்சருக்கும் அனுப்பி வைத்தோம். இந்த ரிப்போர்ட் பின்னால் உதவப்போகிறது.

இரண்டாம் முறை: 180

நோய் மூன்றாம் நிலை, அறுவை சிகிச்சைக்கு ஏற்றதல்ல. கீமோவும் கதிர்வீச்சும் ஒன்றாக: சிஸ்பிளாட்டின், எடோபோசைடு, அதோடு 30 தவணைகளில் 60 கிரே (கதிர்வீச்சின் அளவு). நிமோகாக்கல் தடுப்பூசியைக் கீமோ தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே போட்டுவிட்டோம். இவருக்கு வந்த மூன்று நிமோனியாவில் எதையும் அது தடுத்திருக்காது என்பது உண்மை. ஆனாலும் புற்றுநோய் உள்ளவர்களுக்கு வீட்டில் இருக்கும்போது வரும் சாதாரண நிமோனியாவில் நிமோகாக்கஸும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சேவும் இன்னும் முன்வரிசையில்தான் நிற்கின்றன. அரிய கிருமிகளைப் பற்றிப் பேசும் ஆசையில் அவற்றை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது சுற்றுக் கீமோ தொடங்கிய 12ஆம் நாள் இரவு காய்ச்சல், 38.6 டிகிரி செல்சியஸ். "38 தாண்டினா மாத்திரை போட்டுப் பார்க்காம நேரா வாங்க" என்று சொல்லியிருந்தோம். அவர் பாராசிட்டமால் போட்டு நாலு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தார். யாரும் அப்படித்தான் செய்வார்கள், நடுராத்திரியில் வீட்டாரை எழுப்ப மனம் வராது. வரும்போது நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 92/58, ஆக்ஸிஜன் 92. கிருமியோடு முதலில் சண்டைபோடும் வெள்ளணுவான நியூட்ரோஃபில், மைக்ரோலிட்டருக்கு 180. 500க்குக் கீழே போனாலே ஆபத்து.

எக்ஸ்ரே சுத்தம். சளி இல்லை. மார்பில் சத்தமும் இல்லை. ஜூனியர் டாக்டருக்கு ஒரே குழப்பம்: மூச்சு வாங்குகிறது, ஆக்ஸிஜன் குறைவு, ஆனால் நிமோனியாவுக்கு அடையாளமே இல்லையே?

சீழ் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள். அதுவே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது கிருமி அல்ல, கிருமியோடு சண்டைபோட வந்து குவிந்த நம் ஆட்கள். படை வராத ஊரில் புழுதி கிளம்பாது. அதிகாலையில் எடுத்த சி.டி.யில் இடது கீழ் மடலில் சிறிய திட்டுகள் தெரிந்தன, எக்ஸ்ரேக்கு எட்டாதவை.

ரத்தக் கல்ச்சர் இரண்டு பாட்டில் எடுத்துவிட்டு, வந்த ஒரு மணி நேரத்துக்குள் பைபராசிலின்-டாசோபாக்டம் முதல் டோஸ் போனது. நியூட்ரோஃபில் இல்லாத காய்ச்சலில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவுக்கு எதிரான மருந்தை முதலிலேயே கொடுப்பதற்குக் காரணம் அது எப்போதும் இருக்கும் என்பதல்ல. இருந்து நாம் கொடுக்காமல் விட்டால் அடுத்த நாள் திருத்திக்கொள்ள அவகாசம் தராது. இவருக்கோ மூன்று மாதத்துக்குள் ஆஸ்பத்திரி வாசமும் ஊசிவழி ஆன்டிபயாட்டிக்கும் நடந்திருந்தன. அந்த இரண்டும் தொண்டையில் குடியிருக்கும் கிருமிகளின் ஜாதியையே மாற்றிவிடும். கதிர்வீச்சில் உணவுக்குழாய் புண்ணாகி, விழுங்கும்போது புரையேறிக்கொண்டும் இருந்தது. ஆக, இறங்குவதற்கு வழியும் தயார்.

பதினாலு மணி நேரத்தில் ரத்தக் கல்ச்சர் பாட்டில் மணியடித்தது: சூடோமோனாஸ். கொடுத்துக்கொண்டிருந்த மருந்துக்குக் கட்டுப்படும் வகை. வான்கோமைசின் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தது. அது எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கான (வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ்) மருந்து. மூக்கில் எடுத்த எம்.ஆர்.எஸ்.ஏ. சோதனை நெகட்டிவ். சோதனை நெகட்டிவாக இருந்தால் நுரையீரலில் அந்தக் கிருமி இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் சேர்க்கவில்லை. கதிர்வீச்சு மார்பின் மேல் நடக்கும்போது வெள்ளணுவை ஏற்றும் ஊசியை வழக்கமாகத் தவிர்ப்போம் என்பதால் அதுவும் இல்லை. காத்திருப்புதான்.

ஐந்தாம் நாள் இரண்டு சங்கதிகள் ஒன்றாக வந்தன. முதலாவது, எண்ணிக்கை 180லிருந்து 1,400க்கு ஏறியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டாவது, அன்று மாலையே மூச்சுத்திணறல் கூடி, ஆக்ஸிஜன் தேவை இரட்டிப்பாகி, எக்ஸ்ரேயில் இடது கீழ்ப்பக்கம் முழுவதும் வெளுத்தது. வார்டில் எல்லோரும் அடுத்த படி ஆன்டிபயாட்டிக்கான மெரோபெனெமுக்கு மாறச் சொன்னார்கள். காய்ச்சல் இறங்கியிருந்தது, ரத்த அழுத்தம் நிலையாக இருந்தது, மறுபடி எடுத்த ரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. படை இப்போதுதான் ஊருக்குள் வந்திருக்கிறது, புழுதி அதனுடையது. மருந்தை மாற்றாமல், ஆனால் அன்று இரவு நான் வீட்டுக்குப் போகாமல், பார்த்தோம். மறுநாள் மதியத்திலிருந்து தெளியத் தொடங்கியது. இந்த முடிவு எப்போதும் இவ்வளவு சுலபமாக அமையாது. காய்ச்சல் திரும்பியிருந்தால் நானும்தான் மாற்றியிருப்பேன்.

இதே வாரத்தில் சளிக் கல்ச்சரில் 'கேண்டிடா அல்பிகன்ஸ், அதிக வளர்ச்சி' என்று வந்தது. கேண்டிடா ஒரு பூஞ்சை. ஜூனியர் டாக்டர் அதற்கான மருந்து ஃப்ளூகோனசோலை எழுதித் தயாராக வைத்திருந்தார். ஆன்டிபயாட்டிக் எடுக்கிறவரின் சளியில் கேண்டிடா வளர்வது, மழைக்குப் பின் காளான் முளைப்பது மாதிரி. அது வாயிலும் தொண்டையிலும் வசிப்பது. நுரையீரல் சதைக்குள் இறங்கி நிமோனியா உண்டாக்குவது மிக அரிது, திசுவில் பார்த்தால்தான் நம்பலாம். அந்தச் சளியே சரியான மாதிரிதானா என்று கேட்டேன். நுண்ணோக்கியில் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு வட்டத்துக்கு 10க்கு மேல் வாய்த் தோல் அணுக்கள் தெரிந்தால் அது சளி இல்லை, எச்சில். இவருடையதில் 30க்கு மேல் இருந்தன. சீட்டு கிழிக்கப்பட்டது.

ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சையாக இருந்தால் கதை வேறு. நியூட்ரோஃபில் பத்து நாளுக்கு மேல் இல்லாமல் போனவர்களிடம் அதைத் தேடியே ஆக வேண்டும். இவருக்கு ஐந்தே நாள். திடக்கட்டிகளுக்குத் தரும் கீமோவில் பெரும்பாலும் இப்படிச் சிறிய பள்ளம்தான். அதனால் ரத்தப் புற்றுநோய் வார்டின் பூஞ்சைப் பயத்தை அப்படியே இங்கே கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் பழைய குழிகளும் புகையால் சிதைந்த நுரையீரலும் உள்ளவரிடம் ஆஸ்பெர்ஜிலஸ் நிதானமாக, மாதக்கணக்கில் வளரும். அதை மறக்கவும் கூடாது.

மூன்றாம் முறை: எழுதாமல் விட்ட மாத்திரை

கதிர்வீச்சு முடிந்தது, கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. ஐந்து வாரத்தில், நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்தான துர்வாலுமாப் தொடங்கினார்கள். 2017இல் வெளியான பசிஃபிக் ஆய்வுக்குப் பின் மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு இது வழக்கமானது. அந்த ஆய்வில் துர்வாலுமாப் எடுத்தவர்களில் 33.9 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 24.8 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு அளவில் நுரையீரல் அழற்சி வந்தது, பெரும்பாலும் லேசானது. இவருக்கும் வந்தது: கதிர்வீச்சு முடிந்த பத்தாம் வாரம் வறட்டு இருமல், நடந்தால் ஆக்ஸிஜன் 89. ஸ்கேனில் வலது பக்கம் தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல். ஒரு பகுதி கதிர்வீச்சின் எல்லையோடு ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல நின்றது. நுரையீரலின் மடல் எல்லையை மதிக்காத நேர்க்கோடு என்றால் அது கதிர்வீச்சின் கையெழுத்து. மற்றொரு பகுதி எல்லையைத் தாண்டியிருந்தது.

பிராங்கோஸ்கோபியில் கழுவி எடுத்த நீரில் கிருமி எதுவும் இல்லை. முதல் முறை அனுப்பிய காசநோய்க் கல்ச்சரின் இறுதி ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்தேன், ஆறு வாரமும் வளர்ச்சி இல்லை. அந்தத் தைரியத்தில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 60 மி.கி. தொடங்கி, துர்வாலுமாப்பை நிறுத்தினோம். நாலே நாளில் நல்ல முன்னேற்றம். இரண்டு வாரம் கழித்து வாரத்துக்கு 10 மி.கி. குறைக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம்.

பிரெட்னிசலோன் 20 மி.கி.க்குக் குறையாமல் நாலு வாரத்துக்கு மேல் போகப்போகிறது என்றால், நியூமோசிஸ்டிஸ் ஜிரோவெசி என்ற கிருமியால் நிமோனியா வராமலிருக்கக் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை சேர்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. கேஸ் ஷீட்டில் 'கோட்ரை தடுப்பு' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லை. அன்று காலை ஏழு டிஸ்சார்ஜ். சர்க்கரை மாத்திரை, வயிற்று மாத்திரை, கால்சியம் எல்லாம் எழுதிவிட்டு இதை விட்டிருக்கிறேன்.

ஸ்டீராய்டு தொடங்கிய ஆறாம் வாரம், 20 மி.கி.யில் இருக்கும்போது அவர் திரும்பி வந்தார். "ஒரு வாரமா பாத்ரூம் போயிட்டு வந்தாலே இளைக்குது டாக்டர். காய்ச்சல் லேசாத்தான்." உட்கார்ந்தால் ஆக்ஸிஜன் 94. வராந்தாவில் ஒரு நிமிடம் நடக்கவிட்டோம், 84. மார்பில் கேட்க ஒன்றுமில்லை. ஸ்டெதாஸ்கோப்புக்கும் ஆக்ஸிமீட்டருக்கும் இவ்வளவு தூரம் இருந்தால் என் முதல் சந்தேகம் நியூமோசிஸ்டிஸ்தான்.

ஆனால் எல்லோர் மனதிலும் முதலில் வந்தது, ஸ்டீராய்டு குறைத்ததும் அழற்சி திரும்பிவிட்டது என்ற விளக்கம். அது நம்பத்தகுந்த விளக்கம்; அடிக்கடி உண்மையும்கூட. அதன்படி போனால் ஸ்டீராய்டை மறுபடி 60க்கு ஏற்ற வேண்டும். கிருமியாக இருந்தால் அது எரிகிற வீட்டில் எண்ணெய். ஸ்கேன் இந்த முறை வேறு மாதிரி பேசியது: மங்கல் இரண்டு பக்கமும் சமமாக, நடுவில் அடர்த்தியாக, வெளி ஓரத்தை விட்டுவைத்து. கதிர்வீச்சு போகாத இடது நுரையீரலிலும் அதே அளவு. அணுக்கள் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் எல்.டி.எச். 480க்கு மேல், பூஞ்சையின் உறையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பீட்டா-டி-குளுக்கான் 500க்கு மேல். ஸ்டீராய்டை ஏற்றவில்லை, குழாய் விட்டுக் கழுவி எடுத்தோம். பி.சி.ஆர். பாசிட்டிவ். வெள்ளிச் சாயமிட்ட ஸ்லைடில் வெகுநேரம் தேடியபின் நாலைந்து உறைகள், நசுங்கிய பந்து போல.

வெகுநேரம் தேட வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் நுரையீரலில் இந்தக் கிருமி கூட்டம் கூட்டமாக இருக்கும், நோய் வாரக்கணக்கில் மெல்ல வரும். புற்றுநோயும் ஸ்டீராய்டும் உள்ளவர்களிடம் கிருமி குறைவு, அழற்சி அதிகம், நோய் வேகம். ஸ்லைடில் தெரியவில்லை என்பதை வைத்து இல்லை என்று முடிவு கட்டினால் தவறிவிடும். மறுபக்கம், பி.சி.ஆர். அதிக நுட்பமானது, சும்மா தங்கியிருக்கும் கிருமியையும் காட்டும். அதனால்தான் ஸ்கேன், குளுக்கான், பி.சி.ஆர். மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்க்கிறோம்.

இது பூஞ்சை இனம். முன்பு ஒற்றையணு ஒட்டுண்ணி என்று நினைத்திருந்தார்கள். 1988இல் மரபணு வரிசை பார்த்தபின் பூஞ்சைக்குள் சேர்த்தார்கள். ஆனால் மற்றப் பூஞ்சைகளின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் இதில் இல்லாததால், அதைத் தாக்கும் வழக்கமான பூஞ்சை மருந்துகள் இதனிடம் எடுபடாது. கோட்ரைமாக்ஸசோல்தான்: டிரைமெத்தோபிரிம் கணக்கில் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 மி.கி., 21 நாள். முதல் நாலு நாள் அவர் இன்னும் மோசமானார், முகமூடி வழியாக அதிக ஓட்ட ஆக்ஸிஜன் வேண்டியிருந்தது. இந்த நோயில் அது எதிர்பார்த்ததே என்றாலும், தவறு நம்முடையதாக இருக்கும்போது அந்த நாலு நாள் நீளம். பொட்டாசியம் 5.6க்கு ஏறியது, டிரைமெத்தோபிரிம் செய்யும் வேலை, உணவையும் டோஸையும் சரிசெய்தோம். எட்டாம் நாள் மூக்குக் குழாய் போதும் என்றானது.

ஆறாம் நாள், பேச முடிந்ததும், மாத்திரை விட்டுப்போனதை அவரிடமும் மனைவியிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி, "இப்ப எழுதிட்டீங்கல்ல?" என்றார்.

இதில் வராதவர்கள்

இந்தக் கதையில் தலைகாட்டாத காரணகர்த்தாக்கள் நிறைய. வைரஸ்கள் முதலில்: இன்ஃப்ளுயென்சா, ஆர்.எஸ்.வி., கொரோனா. கீமோ எடுப்பவருக்கு வீட்டுக் குழந்தையின் மூக்கொழுகலே நிமோனியாவாக முடியலாம். அதோடு பின்னாலேயே நிமோகாக்கஸும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸும் நுழையும். தொண்டைக் குச்சி ஒன்றில் பி.சி.ஆர். பார்த்துவிடுவது மலிவான வேலை. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா சாதாரணத் தட்டில் வளராது, சிறுநீர் ஆன்டிஜென் சோதனையும் ஒரு வகையை மட்டுமே பிடிக்கும். நோகார்டியா என்ற இன்னொரு பாக்டீரியா ஸ்டீராய்டு எடுப்பவரிடம் கட்டி போலவே வந்து, புற்றுநோய் பரவிவிட்டது என்று ஏமாற்றும். மூளையிலும் போய் உட்காரும் என்பதால் அந்த ஏமாற்று முழுமையாக இருக்கும்.

காசநோய் உறுதியானால் அடுத்த சிக்கல் மருந்தில். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, புற்றுநோய்க்கான இலக்குச் சிகிச்சை மாத்திரைகளைக் கரைத்துவிடும். அவற்றில் ஒன்றான ஓசிமெர்டினிப்பின் ரத்த அளவு அதனால் ஏறக்குறைய 78 சதவீதம் குறைகிறது. காசநோய்ச் சீட்டை ஒருவரும் புற்றுநோய்ச் சீட்டை இன்னொருவரும் எழுதி, இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் நோயாளி தினமும் மாத்திரை விழுங்கியும் சிகிச்சை இல்லாதவர்தான்.

மறுபடி அவரிடம் வருகிறேன். 21 நாள் முடிந்து, ஸ்டீராய்டு மெல்லக் குறைந்து நின்றது. அதற்குப் பின்னும் சில வாரம் கோட்ரைமாக்ஸசோல், திங்கள், புதன், வெள்ளி. துர்வாலுமாப்பை மறுபடி தொடங்குவதில்லை என்று புற்றுநோய் மருத்துவரும் நாங்களும் பேசி முடிவெடுத்தோம். ஆடிய பற்களை எடுத்தாகிவிட்டது. கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் வலது மேல் மடலில் வடு, இடது பக்கம் தெளிவு.

எங்கள் வார்டில் இப்போது ஸ்டீராய்டு எழுதும் தாளில் கோட்ரைமாக்ஸசோலுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் மருந்தகத்திலிருந்து போன் வரும். போன வாரம் ஒரு போன் வந்தது. சீட்டு என்னுடையதுதான்.